ஒபரேஷனே நடக்காத வயிற்றில் சிறுகுடல் ஏன் அடைபடுகிறது?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவுக்கு 70 வயது. இலங்கை மலையகத்தில், மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். ஐந்து பிள்ளை பெற்றவர், மெலிந்த உடம்பு, வயிற்றில் இதுவரை ஒரு ஒபரேஷனும் நடந்ததில்லை. வயிறு விட்டு விட்டு முறுக்கி வலித்து, பச்சை பச்சையாக வாந்தி எடுத்திருக்கிறார். கேஸ்ட்ரிக் என்று நினைத்து டிஸ்பென்சரியில் மருந்து வாங்கிக் குடித்துவிட்டு, மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். சிறுகுடல் அடைபட்டிருக்கிறது, காரணம் இன்னும் தெளிவாகவில்லை, திறந்து பார்க்க வேண்டி வரலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். வேறு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள்ளே இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன என்று நினைக்கிறேன்: இது புற்றுநோயா? காரணமே தெரியாமல் எப்படி ஒபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுவது?

மலையக ஆஸ்பத்திரிகளில் பல வருடம் சத்திரசிகிச்சை செய்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். உங்கள் அம்மாவின் வயிற்றில் நான் கை வைத்துப் பார்க்கவில்லை, ஸ்கேனையும் பார்க்கவில்லை. ஆகவே வார்டில் இருக்கும் டொக்டர் சொல்வதுக்கு மேலாக என் பேச்சை வைக்க வேண்டாம். ஆனால் அவருக்குத் தெரியாத, வீட்டு ஆட்களுக்கு மட்டுமே தெரிந்த சில விஷயங்கள் இந்த நோயில் பெரிய உதவி செய்யும். அவை எவை என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சந்தேகமில்லாமல் தெரிந்ததிலிருந்து தொடங்கலாம். சிறுகுடல் அடைபட்டால் அதற்கு மேலே உள்ள குடல், சாப்பாட்டையும் உடம்பே சுரக்கும் நீரையும் கீழே தள்ள முடியாமல் வீங்குகிறது. அதனால்தான் முறுக்கு வலி, வாந்தி, வயிறு உப்பல், கடைசியாகக் காற்றும் மலமும் நின்றுபோவது. முதல் நாள் மலம் போனால் அடைப்பு இல்லை என்று அர்த்தமில்லை. அடைப்புக்குக் கீழே ஏற்கனவே இருந்தது போய்த் தீரும்வரை போகும். அடைப்பு மேலே இருந்தால் வாந்தி சீக்கிரம் வரும், வயிறு அவ்வளவாக உப்பாது. உலகமெங்கும் இதற்கு முதல் காரணம் முன்பு செய்த ஒபரேஷனால் உள்ளே உண்டாகும் தழும்பு நார்கள்தான், பாதிக்கும் மேல் அதனால் வருவது. உங்கள் அம்மாவுக்கு ஒபரேஷன் நடக்காததால் அதன் வாய்ப்பு குறைகிறது. ஆனால் இல்லாமல் போவதில்லை. பிறவியிலேயே சிலருக்கு உள்ளே ஒரு பட்டி போல நார் இருக்கும். என்றோ வந்து தானாக ஆறிய ஒரு அழற்சியும் இப்படி நாரை விட்டுப் போகலாம்.

அடுத்த காரணம் ஹேர்னியா, அதாவது குடலிறக்கம். வயிற்றில் ஒபரேஷனே நடக்காத வயதான ஒரு பெண் குடல் அடைப்போடு வந்தால் நான் முதலில் பார்ப்பது கவட்டுப் பக்கத்தைத்தான். தொடையும் வயிறும் சேரும் மடிப்புக்குச் சற்றுக் கீழே, ஒரு நெல்லிக்காய் அளவுக்குக்கூட இல்லாத கட்டி இருக்கும். அதை ஃபெமரல் ஹேர்னியா என்போம். பெரும்பாலும் பெண்களுக்கு வருவது. அங்கே வலிக்காமலே இருக்கலாம், வலியெல்லாம் தொப்புளைச் சுற்றி இருக்கலாம். குடலின் சுவரில் ஒரு பக்கம் மட்டும் மாட்டிக்கொண்டிருந்தால் மலம்கூடப் போய்க்கொண்டிருக்கும். அம்மாமார் அந்தக் கட்டியைப் பல வருடமாக அறிந்திருப்பார்கள், வெட்கத்தில் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். வார்டில் ஆண் டொக்டர் வந்து சேலையை விலக்கச் சொன்னால் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். டொக்டருக்குத் தமிழ் தெரியாமலும் இருக்கலாம். நீங்கள் மகள். அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள், நீங்களே பாருங்கள். பெண் டொக்டரோ நர்ஸோ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்தப் பரிசோதனை நடக்காமல் விடாதீர்கள்.

உங்கள் விவரத்தை வாசித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது இன்னொன்று. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இடுப்பெலும்பில் இரண்டு பக்கமும் ஒப்டியுரேட்டர் என்ற துளை இருக்கிறது. ஒரு நரம்பும் இரத்தக் குழாய்களும் அதன் வழியாகத் தொடைக்குள் போகின்றன. இளம் வயதில் அந்த வழியைச் சுற்றிக் கொழுப்பு அடைந்திருக்கும். வயதாகி, உடம்பு வற்றி, அதிலும் பல பிள்ளை பெற்றதில் இடுப்பின் அடித்தளம் தளர்ந்திருந்தால், அந்தக் கொழுப்பு கரைந்த இடத்தில் குடல் நுழைந்துவிடும். மெலிந்த வயதான பெண்களுக்குத்தான் இது பெரும்பாலும் வரும். வலது பக்கம் அதிகம், ஏனென்றால் இடது பக்கத் துளையைப் பெருங்குடலின் ஒரு பகுதி மறைத்துக் காக்கிறது. எல்லா ஹேர்னியாக்களையும் எடுத்துக்கொண்டால் நூற்றில் ஒன்றுகூட இதுவாக இருக்காது. வெளியே கட்டி தெரியாது. குடல் அந்த நரம்பை அழுத்துவதால் தொடையின் உள்பக்கம் வழியாக முழங்கால் வரை வலி ஓடும். காலை நீட்டினால், வெளிப்பக்கம் விரித்தால், உள்ளே திருப்பினால் கூடும். முழங்காலை மடித்துப் படுத்தால் குறையும். இந்த அறிகுறி பாதிக்கும் குறைவானவர்களிடம்தான் தெளிவாக இருக்கும், ஆகவே இல்லை என்பதை வைத்து ஹேர்னியாவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இருந்தால் அது பெரிய துப்பு.

நம்ம ஊரில் அந்தத் துப்பு எப்படி வீணாகிறது என்று பாருங்கள். நாற்பது வருடம் மலை ஏறி இறங்கிக் கொழுந்து பறித்த ஒருவர் தொடை வலிக்கிறது, முட்டி வலிக்கிறது என்றால் வீட்டில் யார் கவனிக்கிறார்கள்? தைலம் தேய்த்துவிட்டு விடுகிறோம். வயிற்று வலிக்கு ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் கால் வலியை அவரும் சொல்ல மாட்டார், டொக்டரும் கேட்க மாட்டார். அம்மாவுக்குச் சமீபத்தில் தொடையின் உள்பக்கம் வலி இருந்ததா, இதற்கு முன்பும் வயிறு உப்பி வாந்தி எடுத்து ஒன்றிரண்டு நாளில் தானாகச் சரியானதுண்டா என்று கேளுங்கள். ஆம் என்றால் இன்றைக்கே டொக்டரிடம் சொல்லுங்கள். ஸ்கேனில் தொடை தொடங்கும் இடம் வரை படம் எடுத்திருக்கிறதா, அந்தத் துளையைப் பார்த்தார்களா என்றும் பணிவாகக் கேட்கலாம். நல்ல டொக்டர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

இன்னொன்று பித்தப்பைக் கல். பித்தப்பையில் பெரிய கல் ஒன்று பல வருடம் கிடந்து, சுவரை அரித்து, ஒட்டியிருக்கும் முன்சிறுகுடலுக்குள் வழி உண்டாக்கிக்கொண்டு விழுந்துவிடும். 2.5 சென்டிமீற்றருக்கு மேற்பட்ட கல் என்றால் சிறுகுடலின் கடைசிப் பகுதியில், பெருங்குடலுக்குப் போகும் வாசலுக்கு முன்னால் சிக்கிக்கொள்ளும். குடல் அங்கேதான் ஒடுக்கம். கல் உருண்டு உருண்டு போவதால் வலி வந்து, விட்டு, மறுபடி வரும். அதனாலேயே கண்டுபிடிக்க நாளாகும். மொத்தக் குடலடைப்பில் இது நூற்றுக்கு ஒன்று முதல் நான்குதான். 65 வயது தாண்டியவர்களில், முக்கியமாகப் பெண்களில், அதைவிட அதிகம். சாதாரண எக்ஸ்ரேயில் பித்தக் குழாய்களுக்குள் காற்றுத் தெரிந்தால் சந்தேகம் வர வேண்டும் என்று லியோ ரிக்லர் என்ற கதிர்ப்படவியல் மருத்துவர் 1941-லேயே எழுதியிருக்கிறார். இன்றைக்கு சிடி ஸ்கேனில் இன்னும் தெளிவாகத் தெரியும். அம்மாவுக்கு முன்பு எப்போதாவது வலது விலாவுக்குக் கீழே கடும் வலி வந்ததா, ஸ்கேன் எடுத்துக் கல் இருக்கிறது என்று யாராவது சொன்னார்களா என்பதை நினைத்துப் பாருங்கள்.

சாப்பாடே அடைப்பதும் உண்டு. பல் போனவர்கள், பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடுகிறவர்கள், சீனி வருத்தத்தால் (நீரிழிவால்) இரைப்பை மெதுவாக வேலை செய்கிறவர்கள், நார் மிகுந்ததை மெல்லாமல் விழுங்கினால் அது உருண்டையாகச் சேர்ந்து சிறுகுடலில் இறுகிவிடும். பலாச்சுளை, தோடம்பழத்தின் சக்கை, அம்பரலங்காயின் நார் எல்லாம் இதைச் செய்யக்கூடியவை. வேறு நாடுகளில் பெர்சிமன் பழத்தைப் பெரிய குற்றவாளியாகச் சொல்வார்கள், அதிலுள்ள துவர்ப்புப் பொருள் இரைப்பை அமிலத்தில் கட்டிபட்டுப் போவதால். இரைப்பையில் ஒபரேஷன் செய்தவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். வலி தொடங்குவதற்கு முந்தைய ஒன்றிரண்டு நாளில் அம்மா என்ன சாப்பிட்டார் என்று சொல்லுங்கள். இப்படி ஒன்று என்றால் பல சமயம் குடலை வெட்டக்கூட வேண்டியதில்லை. வயிற்றைத் திறந்து, உருண்டையை வெளியிலிருந்தே விரல்களால் மெல்ல நசுக்கிப் பெருங்குடலுக்குள் தள்ளிவிடலாம். இரைப்பையில் இரண்டாவது உருண்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும்.

மருந்து மாத்திரையைப் பற்றியும் கேட்க வேண்டும். இடுப்பு வலிக்கும் முட்டி வலிக்கும் டைக்ளோபெனக், புரூபன் போன்ற மாத்திரைகளை டவுன் பார்மசியில் கேட்டு வாங்கி வருடக்கணக்கில் விழுங்குகிறவர்கள் நம் தோட்டங்களில் நிறைய. இரைப்பைப் புண் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். சிறுகுடலிலும் அவை புண்ணாக்கும், அந்தப் புண் ஆறும்போது குடலுக்குள் மெல்லிய சவ்வு போல வளையம் வளையமாகத் தழும்பு உண்டாகும், நடுவில் சிறு துவாரம் மட்டும் மிஞ்சும் என்பது பலருக்குத் தெரியாது. சவ்வு மெல்லியது என்பதால் ஸ்கேனில் தெரியாமல் போகலாம். திறந்து பார்க்கும்போதும் வெளியிலிருந்து பார்த்தால் குடல் கிட்டத்தட்ட சாதாரணமாகவே இருக்கும். அம்மா சாப்பிட்ட மாத்திரை அட்டைகளை ஒன்று விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பனடோல் இந்த வகையில் சேராது.

காசநோயை நம் பக்கத்தில் யாரும் மறக்கக் கூடாது. டிபி என்றாலே நெஞ்சு, இருமல் என்று நினைக்கிறோம். குடலிலும் வரும், இருமல் ஒன்றுமே இல்லாமல், நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும்போதும் வரும். காற்றோட்டமில்லாத லயக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், ஏழெட்டுப் பேர் ஒன்றாகப் படுத்து எழும்புகிற இடங்களில் யாருக்காவது எப்போதாவது டிபி இருந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மாலை நேரத்தில் லேசான காய்ச்சல், இரவில் வியர்வை, பல மாதமாக உடம்பு இளைத்தல், வலது அடிவயிற்றில் வந்து போகும் வலி: இவை இருந்தால் சந்தேகம் வலுக்கும். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் அது குடலைத் தடிக்கவைத்து ஒடுக்கும். ஸ்கேனில் பார்த்தால் புற்றுநோய் போலவே இருக்கும். சிலருக்குக் குடல் முழுவதையும் ஒரு தடித்த உறை சுற்றிக்கொள்வதும் உண்டு. சதைத் துணுக்கைச் சோதித்தபிறகுதான் பெரும்பாலும் உறுதியாகும். டிபி என்று தெரிந்துவிட்டால் மருந்தால் குணமாக்கலாம், அரசாங்கம் இலவசமாகவே கொடுக்கிறது, குறைந்தது ஆறு மாதம் விடாமல் எடுக்க வேண்டும். பயந்து ஒளிக்க வேண்டிய நோய் அல்ல.

வேறு சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அம்மாவின் வயதில் இவற்றின் வாய்ப்புக் குறைவு. நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சிறுகுடலின் கடைசி இரண்டடியில் மெக்கல் என்ற பிறவிப் பை இருக்கும். அது தொப்புளோடு நாரால் இணைந்திருந்தால் குடல் அதைச் சுற்றி முறுக்கிக்கொள்ளலாம். வயிற்றுக்குள்ளேயே பிறவி மடிப்புகளில் குடல் நுழைந்து மாட்டுவது உண்டு, அப்படிப்பட்டவர்களுக்கு இளம் வயதிலிருந்தே வயிறு நிறையச் சாப்பிட்டால் வலிக்கும். குடல் குடலுக்குள்ளேயே செருகிக்கொள்வது பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் முன்னணியில் ஒரு கட்டி இருக்கும். சிறுகுடலில் என்றால் அது வெறும் கொழுப்புக் கட்டியாக இருக்கவும் இடமுண்டு. அப்புறம் வட்டப்புழு. லயங்களில் ஒழுங்கான கக்கூஸ் இல்லாத காலத்தில் புழுக்கள் பந்தாகத் திரண்டு பிள்ளைகளின் குடலை அடைத்து வார்டுக்கு வருவது நாங்கள் அறிந்த விஷயம். பூச்சி மருந்து ஒழுங்காகக் கொடுக்கத் தொடங்கியபின் குறைந்துவிட்டது. 70 வயதில் அதை முதலாவதாக நினைக்க மாட்டேன். உறவினர் யாராவது சொன்னாலும் இப்போது பூச்சி மருந்து கொடுக்கவே கூடாது. முழு அடைப்பு இருக்கும்போது கொடுத்தால், புழுவால் வந்த அடைப்பாக இருந்தாலும் நிலைமை மோசமாகலாம்.

இனிப் புற்றுநோய். இல்லை என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. சிறுகுடலிலேயே தொடங்கும் புற்றுநோய் அரிது. ஆனால் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் வரும் கட்டி சிறுகுடலின் வாசலை மூடலாம், சூலகத்திலிருந்தோ இரைப்பையிலிருந்தோ பரவியதும் அடைக்கலாம். ஒபரேஷன் நடக்காத வயதானவர்களின் குடலடைப்பில் இதற்கு ஒரு நிஜமான பங்கு இருக்கிறது. மாதக்கணக்கில் உடம்பு இளைத்தது, மலத்தில் இரத்தம், இரத்தம் குறைந்து வெளுத்தது ஆகியவை இருந்ததா என்பது முக்கியம். மேலே சொன்ன காரணங்களில் எத்தனை முழுவதும் குணமாகக்கூடியவை என்பதையும் பாருங்கள். ஹேர்னியா, கல், சாப்பாட்டு உருண்டை, பிறவி நார் எல்லாம் ஒரே ஒபரேஷனோடு தீரக்கூடியவை. காரணம் தெரியவில்லை என்று டொக்டர் சொன்னால் புற்றுநோயை மறைக்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காரணம் தெரியாமல் எப்படிச் சம்மதிப்பது என்றால், இந்த நோயில் அவசரத்தை முடிவுசெய்வது காரணத்தின் பெயர் அல்ல. மாட்டிக்கொண்ட குடலுக்கு இரத்தம் போகிறதா இல்லையா என்பதுதான். இரத்தம் நின்ற குடல் சில மணிநேரத்திலேயே கெடத் தொடங்கும். விட்டு விட்டு வந்த வலி நிற்காத வலியாக மாறுவது, வயிறு கல்லாக இறுகுவது, காய்ச்சல், நாடித்துடிப்பு வேகமாவது, இரத்தப் பரிசோதனையில் வெள்ளையணுவும் லக்டேட் என்ற பொருளும் ஏறுவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் டொக்டர்கள் காத்திருக்க விரும்ப மாட்டார்கள். இந்த அறிகுறிகள் இல்லாதபோது எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதில் மருத்துவர்களிடையே இரண்டு கருத்து உண்டு. ஒபரேஷன் நடக்காத வயிறு என்றால் காத்திருக்காமல் திறந்துவிடு என்று எங்களுக்குப் பழைய ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது சிடி ஸ்கேன் நன்றாக இருப்பதால், ஆபத்து அறிகுறி இல்லாதவர்களை மூக்குக் குழாயும் சேலைனும் வைத்து, கதிர்ப்படத்தில் தெரியும் ஒரு மருந்தைக் குடிக்கக் கொடுத்து, அது 24 மணிநேரத்துக்குள் பெருங்குடலை எட்டுகிறதா என்று பார்ப்பதும் நடக்கிறது. என் கருத்து, ஸ்கேனில் ஒரு காரணமும் தெரியாத, ஒரு நாள் கழிந்தும் இளகாத 70 வயதுக்காரரை மேலும் மேலும் காக்கவைப்பதைவிடத் திறந்து பார்ப்பது நல்லது. அந்த ஒபரேஷன்தான் பரிசோதனை, அதுவே சிகிச்சையும். "கத்தி வைத்தால் எழும்ப மாட்டார்" என்று சொல்லும் சொந்தக்காரர்கள் பார்த்தது பெரும்பாலும் தாமதமாகக் கத்தி வைத்தவர்களைத்தான்.

கொடுக்கலாம் என்று டொக்டர் சொல்லும்வரை வாய்வழியாக ஒன்றும் கொடுக்காதீர்கள், இஞ்சி பிளேன்டீ, கஷாயம், ஓமத்தண்ணி எதுவும் வேண்டாம். பேதிக்குக் கொடுத்தால் வயிறு இறங்கும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம், அடைபட்ட குடலைப் பின்னாலிருந்து தள்ளினால் அது கிழியக்கூடும். மூக்குக் குழாய் தொல்லையாக இருக்கிறது என்று அம்மா பிடுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாந்தி மூச்சுக்குழாயில் போய்ச் சேராமல் காப்பது அந்தக் குழாய்தான். இதை வாசிக்கும் மற்றத் தோட்டத்து ஆட்களுக்கும் ஒரு வார்த்தை: பச்சை வாந்தியும், காற்றுப் போகாமல் வயிறு உப்பலும் சேர்ந்து வந்தால் அது கேஸ்ட்ரிக் அல்ல, விடியட்டும் என்று இருக்காமல் 1990-க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

ஒபரேஷன் நடந்தால், முடிந்து வெளியே வரும் டொக்டரிடம் உள்ளே என்ன இருந்தது, குடலை வெட்டி எடுத்தார்களா, எவ்வளவு எடுத்தார்கள் என்று கேட்டு, அதை டயக்னோசிஸ் கார்டில் (வீட்டுக்கு அனுப்பும்போது தரும் நோய் விவர அட்டையில்) எழுதித் தரும்படி சொல்லுங்கள். சதைத் துண்டு பரிசோதனைக்குப் போனால் முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். வீட்டுக்கு வந்து அம்மா நன்றாகிவிட்டார் என்று அந்த அறிக்கையை வாங்காமல் விட்டுவிடுகிறவர்கள் பலர். டிபியா, மாத்திரையால் வந்ததா, கட்டியா என்பதை அதுதான் சொல்லும். எந்தத் திகதியில், எந்தக் கிளினிக்கில் வாங்க வேண்டும் என்பதை டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும் அன்றைக்கே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.